சூடான பாதம் நல்ல பாதமா?

(கொல்கத்தாவில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலைப் பொதுமக்கள் முன்னால் வைத்துப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1876-ஆம் ஆண்டு மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், ஊராரிடம் நன்கொடை திரட்டி, பவுபஜாரில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். படித்தவர் பாமரர் எல்லோரும் வந்து உட்கார்ந்து அறிவியல் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இங்கே வந்து சேர்ந்த நம் சி.வி. ராமன், அலுவலக வேலை போக எஞ்சிய காலையும் மாலையும் ஆய்வு செய்ய இடம் கண்டது அந்தக் கழகத்தில்தான். ஒரு மருத்துவர் எழுப்பிய கூடத்தில் ஓர் இயற்பியல் மேதை வளர்ந்தார். இன்று நான் பேச வந்திருக்கும் பொருளும் மருத்துவமும் இயற்பியலும் சந்திக்கும் இடத்தில் பிறந்ததுதான்.

ஊசி குத்தாமல், தோலைத் தொடக்கூடச் செய்யாமல், உடம்பிலிருந்து வெளிவரும் வெப்பத்தைப் படம் பிடித்தே தோலுக்கு அடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கணிக்க முடியுமா? முடியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடது காலை வலது காலோடும், நேற்று எடுத்த படத்தை இன்று எடுத்த படத்தோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர் கையில் இந்த வெப்பப்படக் கருவி ஒருவருடைய காலைக் காப்பாற்றும். தெரியாதவர் கையில் அது கண்ணைப் பறிக்கும் வண்ணப்படம், அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு இருக்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் மற்றவற்றைவிட அதிகமாக ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது.

அந்தக் கதிரை வெளியிடச் சூரியனாக இருக்க வேண்டியதில்லை. இந்த நாற்காலி வெளியிடுகிறது, சுவர் வெளியிடுகிறது, நீங்களும் நானும் வெளியிடுகிறோம். நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து வரும் கதிர்வீச்சு 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். மருத்துவத்தில் பெரும்பாலும் பயன்படும் தெர்மல் கேமரா 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளைப் பிடிக்கிறது. பிடித்த கதிரின் அளவை வெப்பநிலையாக மாற்றிச் சொல்ல, எந்த வெப்பநிலையில் எவ்வளவு கதிர் வெளிவரும் என்று கூறும் பிளாங்க் விதி அதற்கு வேண்டும். அந்த விதிக்குப் புதிய அடித்தளம் போட்ட கட்டுரையை 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்த சத்யேந்திரநாத் போஸ் இந்தக் கொல்கத்தாவில் பிறந்தவர்.

தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் அது வெளியிடும் கதிர்வீச்சு எவ்வளவு கூடும்? நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவுக்குத்தான். அந்தச் சிறு வேறுபாட்டைக் கேமரா பிடித்துவிடுகிறது. நல்ல கருவி, ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூடக் காட்டிவிடும். திரையில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் உடம்பின் நிறங்கள் அல்ல. எந்த வெப்பநிலைக்கு எந்த நிறம் என்று கணினியில் நாம் கொடுத்த ஏற்பாடு அது. ஆகவே படத்தில் ஓர் இடம் சிவப்பாகத் தெரிந்தால் உடனே பதறக் கூடாது. பக்கத்தில் இருக்கும் அளவுகோலைப் பார்க்க வேண்டும். அந்தச் சிவப்பு 31 டிகிரியாகவும் இருக்கலாம், 36 டிகிரியாகவும் இருக்கலாம்.

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. வீக்கம், அழற்சி என்றால் தோல் சிவக்கும் என்று மருத்துவப் பாடநூல் சொல்கிறது. வெளுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். கறுத்த தோலில் அவ்வளவு எளிதாகத் தெரியாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர்கூடக் கறுத்த தோலுடையவர்களுக்குச் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்பது கொரோனா காலத்தில் பேசுபொருளானது. தெர்மல் கேமரா வேலை செய்யும் அலைநீளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கறுப்போ சிவப்போ மாநிறமோ, எல்லா மனிதத் தோலும் ஏறக்குறைய 0.98 என்ற ஒரே உமிழ்திறனோடுதான் வெப்பத்தை வெளியிடுகிறது. நம் மக்களின் தோலைப் பார்க்க இது நேர்மையான கண்.

இனி ரத்தத்துக்கு வருவோம். தோலுக்குத் தேவையான உணவும் உயிர்வளியும் மிகக் கொஞ்சம். ஆனால் அதற்குப் போகும் ரத்தத்தின் அளவு மலைக்கவைக்கும்படி மாறுகிறது. குளிர்ச்சியான அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய தோல் முழுவதற்கும் நிமிடத்துக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் ரத்தம் போகும். அவரே கடும் வெப்பத்தில் மாட்டிக்கொண்டால் அது நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் வரை உயரலாம். கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் முகம் ஏன் ஜிவ்வென்று சூடாகிறது, டிசம்பர் விடியலில் விரல் நுனி ஏன் விறைக்கிறது என்பதற்கு விடை இதுதான். உடம்புக்குள் தேங்கும் வெப்பத்தை வெளியே தள்ளவும், வெளியே போகும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தவும் தோலின் ரத்த ஓட்டத்தை உடல் கூட்டுகிறது, குறைக்கிறது.

உள்ளங்கை, உள்ளங்கால், விரல் நுனி, காது, மூக்கு ஆகிய இடங்களில் இதற்கென்றே குறுக்குவழிகள் இருக்கின்றன. சிறு தமனியிலிருந்து நுண்குழாய்களுக்குள் போகாமல் நேரே சிறு சிரைக்குள் ரத்தம் பாயும் வழிகள் அவை. இவற்றைத் திறந்து மூடும் அதிகாரம், தானாக இயங்கும் பரிவு நரம்புகளிடம் இருக்கிறது. நரம்பு இறுக்கினால் வழி மூடும், விரல் குளிரும். நரம்பு தளர்ந்தால் வழி திறக்கும், விரல் சூடாகும். இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

தெர்மல் கேமரா ரத்தத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்குள் ஊடுருவியும் பார்ப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மேற்படலத்திலிருந்து வரும் வெப்பம்தான் அதற்குத் தெரியும். சுவருக்குள் பதித்த வெந்நீர்க் குழாய் எங்கே போகிறது என்று சுவரைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது போன்ற கணிப்பு இது. 1948-இல் ஹாரி பென்னஸ் என்பவர் முன்கையின் வெப்பநிலையை அளந்து, ரத்தம் கொண்டுவரும் வெப்பம், திசு தானே உண்டாக்கும் வெப்பம், திசுவின் வழியே கடத்தப்படும் வெப்பம் ஆகியவற்றை இணைத்து ஒரு சமன்பாடு எழுதினார். தோலின் சூட்டிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணிக்க முயலும் ஆய்வாளர்கள் இன்றுவரை அதைத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சமன்பாட்டில் அடங்காத வியர்வையும் காற்றும் அறையின் சூடும் தோலின் வெப்பநிலையைப் பாதிக்கின்றன. அதனால்தான் ஒற்றைப் படத்தை நம்பக் கூடாது என்கிறேன்.

அப்படியானால் எதை நம்புவது? இதோ, திரையில் ஒரு கையின் படங்களை வரிசையாகப் பாருங்கள். மேல்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, தமனியின் அழுத்தத்துக்கு மேல் காற்றடித்து, சில நிமிடம் ரத்தம் இறங்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் படத்தில் விரல்கள் வெளிர் மஞ்சளாக இருக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் நுனியிலிருந்து தொடங்கி ஆரஞ்சு, ஊதா என்று குளிர்ந்துகொண்டே வருகின்றன. வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, புதிய வெப்பம் வந்து சேரவில்லை. இப்போது பட்டையைத் தளர்த்துகிறார்கள். முதல் சில நொடிகளில் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் வந்துவிட்டாலும் அதன் சூடு தோலின் மேல்பரப்பை எட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பிறகு உள்ளங்கையில் ஆங்காங்கே புள்ளிகள் ஒளிர்கின்றன. அவை ஆழத்திலிருந்து தோலை நோக்கி வரும் நாளங்கள் மேலெழும் இடங்கள். அந்தப் புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. கடைசிப் படத்தில் விரல்கள் முதல் படத்தில் இருந்ததைவிடக் கூடுதல் சூட்டோடு இருக்கின்றன. பசித்திருந்த திசுவுக்கு உடல் அள்ளிக் கொடுத்த ரத்தம் அது. நாளங்கள் நலமாக இருந்தால் இப்படி மீளும். நலிந்திருந்தால் மீட்சி தாமதமாகும், அரைகுறையாகவும் நின்றுவிடும். நிலைப்படம் சொல்லாததை இந்த மாற்றம் சொல்லிவிடுகிறது.

இதே முறையில் குளிர்நீர்ச் சோதனையும் உண்டு. மெல்லிய கையுறை போட்ட கைகளைச் சுமார் 20 டிகிரி நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, பிறகு விரல்கள் எப்படிச் சூடேறுகின்றன என்று தொடர்ந்து படம் எடுப்பார்கள். ரேனாட் கோளாறு உள்ளவர்களுக்குக் குளிர் பட்டதும் விரல் நாளங்கள் இறுகிக்கொண்டு விரல்கள் வெளுத்துவிடும். மற்றவர்களின் விரல்கள் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்தாலும் இவர்களுடையவை நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். ஒட்டு அறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன்களும், எடுத்துவைக்கும் தசைத்துண்டுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தின் இடத்தைக் குறிக்கவும், வைத்த பிறகு அதில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கவும் இந்தக் கேமராவைப் பயன்படுத்துகிறார்கள்.

எந்தச் சோதனையானாலும் ஒழுங்கு முக்கியம். மின்விசிறி சுழலும் முப்பத்தைந்து டிகிரி அறையில் ஒருவரை உட்காரவைத்துப் படம் எடுத்தால் அதில் பயனில்லை. சுவரும் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். நாளங்கள் எல்லாம் ஏற்கெனவே விரிந்திருக்கும். வியர்வை ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும். ரத்தம் உச்சமாக ஓடும் இடமே குளிர்ந்ததாகத் தெரியலாம். ஆகவே அறை 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குள், காற்று நேரே படாமல் இருக்க வேண்டும். வந்தவர் காலணியும் காலுறையும் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். முன்னதாகச் சூடான தேநீர் கூடாது. சிகரெட் அறவே கூடாது. நிகோட்டின் விரல் நாளங்களை இறுக்கிவிடும். தைலம், எண்ணெய், பவுடர் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கக் குளிரூட்டிய தனி அறை வேண்டும். கேமரா வாங்கப் பணம் ஒதுக்கும் மருத்துவமனை, முதலில் அந்த அறைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியிலும் இந்தக் கருவி பயன்பட்டிருக்கிறது. 2020 ஜனவரியில் கொரோனா அச்சம் தொடங்கியபோது, சீனாவிலிருந்து வருபவர்களைத் தெர்மல் கருவியால் சோதிக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்ட விமான நிலையங்களில் கொல்கத்தாவும் ஒன்று. அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் உடல் நடுங்கும், தோலின் நாளங்கள் இறுகும். அப்போது உள்ளே சூடு ஏறினாலும் நெற்றி குளிர்ந்திருக்கலாம். அதனால்தான் கண்ணின் உள்மூலையைப் பார்ப்பது நல்லது என்று முறை வகுத்திருக்கிறார்கள். தோலின் வெப்பம் ஒன்று, உடலின் உள்வெப்பம் வேறு. இரண்டுக்கும் இடையில் இருப்பது ரத்த ஓட்டம்.

இனி பாதத்துக்கு வருகிறேன். இந்தக் கருவியால் நம் நாட்டுக்கு உண்மையான நன்மை வரக்கூடிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. அழுகி விழவில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் அவர்களே அறியாமல் அடிபட்டும் தேய்ந்தும் புண்பட்டும் அழிகின்றன என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார். வலி இருப்பவர் செருப்பு கடித்தால் நடையை மாற்றிக்கொள்வார். வலி இல்லாதவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார். தோல் கிழிவதற்கு முன்பே உள்ளே அழற்சி தொடங்கிவிடும். அழற்சி இருக்கும் இடத்தில் ரத்தம் கூடும், சூடு ஏறும். அந்தச் சூட்டைக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது பிராண்டின் வழக்கம். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, கையால் தேடியதைத் தெர்மல் கருவியால் தேடினார். உணர்வற்ற பாதத்தில் சூடான இடத்தைக் கண்டால் புண் வருவதற்கு முன்பே ஓய்வு கொடுக்கலாம், காலணியை மாற்றலாம். வலி செய்ய வேண்டிய வேலையை அங்கே வெப்பம் செய்தது.

இன்று அதே உணர்வற்ற பாதம் சர்க்கரை நோயாளிகளிடம் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. ஆறாத புண், சீழ், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை. இந்த அவையில் உள்ள உங்களில் பலர் உங்கள் குடும்பத்திலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள், பொருள்களை உடைக்காமல் அவற்றின் குறைகளைக் கண்டறியத் தெர்மல் படமுறையைக் கையாண்டு தேர்ந்தவர்கள். பகவதியப்பன், ஜான் பிலிப், ஜெயக்குமார், பல்தேவ் ராஜ் ஆகியோர் அடங்கிய அந்தக் குழு அதே திறமையை மருத்துவர்களோடு சேர்ந்து மனித உடம்பின் பக்கம் திருப்பியது. 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கால் நாளங்களில் கோளாறு உள்ளவர்களின் பாதிக்கப்பட்ட பகுதி இயல்பான பகுதியைவிட 0.7 முதல் 1 டிகிரி வரை வேறுபட்டுச் சூடாக இருப்பதைக் கண்டார்கள். 2010-இல் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவோடு சேர்ந்து 112 நோயாளிகளின் உள்ளங்காலைப் படம் எடுத்தார்கள். நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் பாதம் 32 முதல் 35 டிகிரி வரை இருந்தது. நரம்பு பாதிக்கப்படாதவர்களின் பாதம் 27 முதல் 30 டிகிரிதான்.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். நோயுற்ற பாதம்தான் அதிகச் சூடாக இருக்கிறது! கால் கதகதப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. அது எப்போதும் சரியல்ல. உள்ளங்காலின் குறுக்குவழிகளைப் பரிவு நரம்பு இறுக்கிப் பிடித்திருக்கும் என்று சற்று முன் சொன்னேன் அல்லவா? சர்க்கரை அந்த நரம்பையும் கெடுத்துவிடுகிறது. காவல் போன வழிகள் திறந்தே கிடக்கின்றன. ரத்தம் நிறையப் பாய்கிறது, தோல் சூடாகிறது, ஆனால் அந்த ரத்தம் நுண்குழாய்களுக்குள் போகாமல் குறுக்கே போய்விடுகிறது. திசுவுக்கு அதனால் பயன் குறைவு. இன்னொருவருக்குத் தமனியே அடைத்திருந்தால் பாதம் குளிர்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று மறைத்துப் படம் இயல்பாகத் தெரியவும் கூடும். அதனால் நாடி பார்க்கும் கையும், அதிர்வு உணரும் சோதனையும், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனையும் இந்தப் படத்தோடு கூடவே இருக்க வேண்டும்.

இரண்டு பாதமும் சூடாக இருந்தால் எது ஆபத்து என்று எப்படிச் சொல்வது? ஒரு பாதத்தின் ஓர் இடத்தை மறு பாதத்தின் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கை. அமெரிக்காவில் லாரன்ஸ் லேவரி குழுவினர் நோயாளிகளை வீட்டிலேயே நாள்தோறும் பாதத்தின் சூட்டை அளக்கச் சொல்லி, இந்த எல்லை தாண்டினால் நடப்பதைக் குறைத்து மருத்துவமனைக்குத் தகவல் சொல்லும்படி பழக்கினார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி, அப்படி அளந்தவர்களில் 8.5 சதவீதத்தினருக்குப் புண் வந்தது. அளக்காத மற்ற குழுக்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு வந்தது. அவர்கள் பயன்படுத்தியது விலை உயர்ந்த கேமராகூட அல்ல, கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி. நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான் பலன் தந்தது.

கொல்கத்தாவுக்கும் இந்தத் துறையில் பங்கு உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் திரிபுரா பல்கலைக்கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு மார்பகத் தெர்மல் படங்களைத் திரட்டி, எங்கே கோளாறு இருக்கிறது என்று மருத்துவர்கள் குறித்த ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கியிருக்கின்றன. கட்டி வளரும் இடத்தில் புதிய ரத்த நாளங்கள் பெருகிச் சூடு கூடும் என்பது இதன் அடிப்படை. கட்டிக்கு மேலுள்ள தோல் சூடாக இருப்பதை 1956-இல் மான்ட்ரியலில் மருத்துவர் ரே லாசன் சுட்டிக்காட்டினார். கணினிக்குப் பாடம் கற்பிக்க இப்படிப்பட்ட தொகுப்புகள் மிகவும் வேண்டியவை. அந்த ஆய்வு தொடர வேண்டும்.

ஆனால் தாய்மார்களிடம் நான் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தெர்மல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு, புற்றுநோய் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். அது மேமோகிராம் சோதனைக்கு மாற்று அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆழத்தில் இருக்கும் கட்டி தோலின் மேல் எந்தச் சூட்டையும் காட்டாமல் இருக்கலாம். சூடாகத் தெரியும் இடம் வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். வலி இல்லை, உடம்புக்குள் கதிர் செலுத்துவதில்லை என்ற விளம்பரம் உண்மைதான். அந்த உண்மை நோயைக் கண்டுபிடித்துத் தராது. மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், பரிசோதனைக்குரிய வயதை எட்டினாலும், மருத்துவர் சொல்லும் சோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

நிறைவாக மூன்று வேண்டுகோள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவர் பாதத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நேற்று இல்லாத சூடு இன்று ஓரிடத்தில் இருந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வலிக்கவில்லை என்று சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்காமல் இருப்பதே அங்கே நோய்.

நீரிழிவு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு வருகையிலும் நோயாளியின் காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். வெப்பமானியோ கேமராவோ எதுவானாலும், ஒரே அறையில் ஒரே முறையில் அளந்து குறித்துவைத்து, போன முறை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மாணவர்களே, சில சென்டிமீட்டர் அளவில் கைபேசியில் பொருந்தும் தெர்மல் கேமராக்கள் வந்துவிட்டன. ஈரமும் புழுக்கமும் நிறைந்த நம் ஊர்களில், குளிரூட்டிய அறை இல்லாத கிராமச் சுகாதார நிலையத்திலும் நம்பகமாக அளக்கும் வழி இன்னும் தேவைப்படுகிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அளவுமுறை நமக்கு அப்படியே பொருந்திவிடாது. நமக்கேற்ற வழியைக் கண்டுபிடிப்பவர்கள் உங்களில் இருந்து வர வேண்டும். நீரிழிவால் கால் போவது யாருடைய தலைவிதியும் அல்ல. அதில் பெரும்பகுதி, முன்கூட்டியே கவனித்தால் தடுக்கக்கூடிய இழப்பு. கவனிக்கும் கருவியும் அறிவும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைத் தேவைப்படுகிறவர்களிடம் கொண்டுசேர்ப்பது நம் கடமை.